இணையத் தொலைபேசி சர்வருக்கு ரூட் அதிகாரம் வேண்டாம்: பயனுள்ள குறிப்புகள்

ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெரி பையிலோ ஆஸ்டெரிஸ்க் மென்பொருளைப் போட்டு, மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் இன்டர்காம், கடைக்கு ஒரு வாய்ஸ்மெயில், வெளியூர் அழைப்பு என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஓட்டுகிறவர்கள் பலர். மார்க் ஸ்பென்சர் 1999-இல் அமெரிக்காவின் அலபாமாவில் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. தன் சிறு நிறுவனத்துக்கு ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் கட்டுப்படியாகாமல் தானே எழுதிக்கொண்டார். இன்று யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

மூல நிரலிலிருந்து நிறுவி, வேறு எதையும் மாற்றாமல் தொடங்கினால் இது ரூட் கணக்கில், அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும். முகம் தெரியாதவர்கள் அனுப்பும் தகவல்களை இரவும் பகலும் வாங்கிப் படிக்கிற மென்பொருள் இது. அதில் ஒரே ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும், நுழைகிறவர் கைக்கு மொத்தக் கணினியும் போய்விடும். சிலிண்டர் கொண்டுவருபவருக்குச் சமையலறை வரை வழி விடுகிறோம். பீரோ சாவியைத் தருவதில்லை. தொலைபேசி சர்வருக்கும் அதன் வேலைக்குத் தேவையான இடம் மட்டும் போதும். அந்த இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் ஒரு மாலைப் பொழுதில் மாற்றி முடித்துவிடலாம்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் கீழே உச்சரிப்பில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் பார்க்கும் என்பது நினைவிருக்கட்டும்.

1. முதலில் உங்கள் சர்வர் இப்போது யார் பெயரில் ஓடுகிறது என்று பாருங்கள். 'பிஎஸ்' கட்டளையில் எல்லா நிரல்களையும் பயனர் பெயரோடு காட்டச் சொன்னால், ஆஸ்டெரிஸ்க் வரியின் முதல் பத்தியில் பெயர் இருக்கும். அங்கே 'ரூட்' என்று இருந்தால் மீதியைத் தொடர்ந்து படியுங்கள். 'ஆஸ்டெரிஸ்க்' என்று இருந்தாலும் 6, 10, 16-ஆம் குறிப்புகளைத் தவறவிடாதீர்கள்.

2. சர்வருக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். ரூட் வேண்டாம் என்றதும் சிலர் தாங்கள் தினமும் உள்நுழையும் சொந்தக் கணக்கிலேயே ஓட்டிவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். அந்தக் கணக்கில் உங்கள் கடிதங்கள், புகைப்படங்கள், மற்ற கணினிகளுக்குள் நுழையும் சாவிகள் எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலும் ரூட்டாகக் கட்டளை ஓட்டவிடும் 'சூடூ' உரிமையும் இருக்கும். 'யூசர்ஆட்' கட்டளையால் 'ஆஸ்டெரிஸ்க்' என்ற பெயரில் ஒரு சிஸ்டம் கணக்கை உருவாக்கி, அதன் ஷெல்லாக 'நோலாகின்' கொடுங்கள். கடவுச்சொல் வேண்டாம், சூடூ குழுவில் இடமும் வேண்டாம். உபுண்டுவின் தொகுப்பிலிருந்து நிறுவியவர்களுக்கு இந்தக் கணக்கு தானாகவே உருவாகியிருக்கும்.

3. "ரூட் இல்லாவிட்டால் போர்ட் கிடைக்காதே" என்ற பயம் வேண்டாம். லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்களைத் திறக்கத்தான் சிறப்பு அதிகாரம் தேவை. அழைப்பை இணைக்கும் நெறிமுறையான எஸ்ஐபி பேசுவது 5060-இல், அதன் மறையாக்கப்பட்ட வடிவம் 5061-இல். ஆஸ்டெரிஸ்க்கின் சொந்த நெறிமுறையான ஐஏஎக்ஸ் 4569-இல் பேசும். குரல் செல்லும் ஆர்டிபி-க்கு மாதிரிக் கோப்பில் 10000 முதல் 20000 வரை கொடுத்திருக்கிறார்கள். மேலாண்மை வாசலான ஏஎம்ஐ-க்கு 5038, உலாவி வழிப் பேச்சுக்கு 8088, 8089. ஒன்றுகூட 1024-க்குக் கீழே இல்லை.

4. ஹோட்டல், கல்லூரி வைஃபைகளில் 443 மட்டுமே திறந்திருக்கிறது என்பதற்காகச் சிலர் தொலைபேசியையும் அந்த எண்ணில் வைக்க விரும்புவார்கள். அதற்காக சர்வரை ரூட்டுக்கு ஏற்றாதீர்கள். உலாவி வழி அழைப்பு என்றால் முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ் வைத்து, அது 443-இல் வாங்கி உள்ளே 8088-க்குத் தள்ளட்டும். நேரடி எஸ்ஐபி என்றால் ஃபயர்வாலில் 443-ஐ 5061-க்குத் திருப்பும் ஒரு விதி போதும்.

5. எந்த ஃபோல்டரில் எழுத வேண்டும், எதைப் படித்தால் போதும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்த வேலை முழுவதற்கும் அடித்தளம் இதுதான். பலர் இங்கே பொறுமையிழந்து எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் கணினியிலுள்ள எந்த நிரலும் உங்கள் தொலைபேசி அமைப்பை மாற்றலாம். தனிக் கணக்கு வைத்ததற்கே பயன் இல்லை.

ஆஸ்டெரிஸ்க் எழுதியே ஆக வேண்டிய இடங்கள் சிலவே. வாய்ஸ்மெயிலும் பதிவுகளும் சேரும் /வார்/ஸ்பூல்/ஆஸ்டெரிஸ்க். பதிவேடுகள் சேரும் /வார்/லாக்/ஆஸ்டெரிஸ்க். ஓடும்போது தன் செயல்முறை எண்ணையும் கன்சோல் சாக்கெட்டையும் வைத்துக்கொள்ளும் /வார்/ரன்/ஆஸ்டெரிஸ்க். பிறகு ஆஸ்டிடிபி என்ற சிறு தரவுத்தளம் இருக்கும் /வார்/லிப்/ஆஸ்டெரிஸ்க். இந்த நான்கையும் 'சிஹெச்ஓன்' கட்டளையால் ஆஸ்டெரிஸ்க் கணக்குக்கு எழுதி வையுங்கள். அனுமதி 750 போதும்.

நான்காவது இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆஸ்டெரிஸ்க் 10-ஆம் பதிப்பிலிருந்து ஆஸ்டிடிபி ஒரு எஸ்க்யூலைட் கோப்பு. எஸ்க்யூலைட் எழுதும்போது பக்கத்திலேயே ஒரு தற்காலிகக் கோப்பு உருவாக்கும். அதனால் கோப்புக்கு மட்டும் உரிமை கொடுத்தால் போதாது, அது இருக்கும் ஃபோல்டருக்கும் எழுத்துரிமை வேண்டும். ஆனால் அதே ஃபோல்டருக்குள்தான் ஒலிக்கோப்புகளும், அழைப்பின்போது ஆஸ்டெரிஸ்க் ஓட்டும் ஏஜிஐ ஸ்கிரிப்ட்களும் இருக்கின்றன. கறாராக இருக்க விரும்புகிறவர்கள் ஆஸ்டெரிஸ்க்.கான்ஃப் கோப்பில் 'ஏஎஸ்டிடிபிடைர்' வரியை மாற்றி, தரவுத்தளத்தைத் தனியாக ஒரு துணை ஃபோல்டரில் வைத்துவிடலாம். அதன் பிறகு மேலுள்ள ஃபோல்டரை ரூட்டிடமே திருப்பிக் கொடுத்து, குழுவை மட்டும் ஆஸ்டெரிஸ்க் என்று வைக்கலாம். ஒலிக்கோப்பையோ ஸ்கிரிப்டையோ யாரும் மாற்றி வைக்க முடியாது.

6. அமைப்புக் கோப்புகளை சர்வரே மாற்ற முடியாதபடி வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் பல வழிமுறைகள் /எட்சி/ஆஸ்டெரிஸ்க் ஃபோல்டரையும் சேர்த்து ஆஸ்டெரிஸ்க் கணக்குக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. தன் சட்டப் புத்தகத்தைத் தானே திருத்தும் அதிகாரம் சர்வருக்கு ஏன் வேண்டும்? அதைப் படித்தால் போதும். உரிமையாளர் ரூட், குழு ஆஸ்டெரிஸ்க், கோப்புகளுக்கு 640, ஃபோல்டருக்கு 750 என்று வையுங்கள். ஃபோல்டரும் ரூட்டிடம் இருப்பது முக்கியம். ஃபோல்டர் ஆஸ்டெரிஸ்க் கையில் இருந்தால், உள்ளே இருக்கும் கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்க முடியும். வெளியாருக்குப் படிக்கும் உரிமையும் கூடாது; தொலைபேசிக் கணக்குகளின் கடவுச்சொற்கள் அங்கேதான் எழுதியிருக்கின்றன.

இது வெறும் அதிகப்படியான எச்சரிக்கை இல்லை. ஏஎம்ஐ-யில் அழைப்பு தொடங்கும் உரிமை மட்டுமே உள்ள ஒருவர், அதைக் கொண்டு இந்த ஃபோல்டரிலுள்ள கோப்புகளையே மாற்றிவிடலாம் என்ற ஓட்டை 2024-இல் வெளியானது. 2025-இல் இன்னொன்று. சர்வரைத் தொடங்கி, விழுந்தால் மீண்டும் எழுப்பும் 'சேஃப் ஆஸ்டெரிஸ்க்' என்ற பழைய ஸ்கிரிப்ட், /எட்சி/ஆஸ்டெரிஸ்க் உள்ளே 'ஸ்டார்ட்அப்.டி' என்ற ஃபோல்டரில் இருக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்களை எல்லாம் ரூட் அதிகாரத்தோடு ஓட்டும். அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை சாதாரணக் கணக்குக்கு இருந்தால், அங்கே ஒரு கோப்பைப் போட்டுவிட்டு அடுத்த தொடக்கத்துக்குக் காத்திருந்தால் போதும், ரூட் கிடைத்துவிடும். இரண்டுக்கும் திருத்தப்பட்ட பதிப்புகள் வந்துவிட்டன. உங்கள் பதிப்பைப் புதுப்பியுங்கள். ஆனால் கோப்புகள் ரூட்டின் பெயரில் இருந்த வீடுகளில் இந்த ஓட்டைகளின் பல் பாதி பிடுங்கப்பட்டே இருந்தது.

7. மேலே சொன்னபடி பூட்டியதும் ஒரு வசதி நின்றுபோகும். தொலைபேசியிலிருந்தே வாய்ஸ்மெயில் கடவுச்சொல்லை மாற்றினால், ஆஸ்டெரிஸ்க் அதை வாய்ஸ்மெயில்.கான்ஃப் கோப்பில்தான் எழுதப் பார்க்கும், எழுத முடியாது. அதற்கு அந்தக் கோப்பைத் திறந்துவிட வேண்டியதில்லை. அதே கோப்பில் 'பாஸ்வேர்டுலொக்கேஷன்' என்ற வரிக்கு 'ஸ்பூல்டைர்' என்று மதிப்பு கொடுங்கள். இனி புதிய கடவுச்சொல் ஒவ்வொருவரின் வாய்ஸ்மெயில் ஃபோல்டருக்குள் தனிக் கோப்பாகச் சேரும்.

8. ஆஸ்டெரிஸ்க்கை இணையப் பக்கம் வழியாக நிர்வகிக்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் வைத்திருப்பவர்கள் 6-ஆம் குறிப்பைச் செய்ய வேண்டாம். அதன் இணையப் பக்கமே ஆஸ்டெரிஸ்க் கணக்கின் பெயரில் அமைப்புக் கோப்புகளை எழுதுகிறது. அங்கே அனுமதிகள் குழம்பினால் 'எஃப்டபிள்யூகன்சோல்' கட்டளையோடு 'சிஹெச்ஓன்' சேர்த்து அடித்தால் அது தானே சரிசெய்யும். அந்த இணையப் பக்கத்தை மட்டும் ஒருபோதும் வெளியுலகுக்குத் திறந்து வைக்காதீர்கள்.

9. தொடங்கும் வேலையை, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி-யிடம் ஒப்படையுங்கள். சேவைக் கோப்பில் 'யூசர்', 'குரூப்' இரண்டு வரிகளிலும் ஆஸ்டெரிஸ்க் என்று எழுதுங்கள். மூன்றாவதாக 'ரன்டைம்டைரக்டரி' என்ற வரியிலும் ஆஸ்டெரிஸ்க் என்று எழுத மறக்காதீர்கள். இன்றைய லினக்ஸில் /வார்/ரன் என்பது நினைவகத்தில் இருக்கும் /ரன் ஃபோல்டருக்கான மறுபெயர்தான். கணினியை அணைத்தால் அது காலியாகிவிடும். நீங்கள் கையால் உருவாக்கி உரிமை கொடுத்த ஃபோல்டர் அடுத்த நாள் இருக்காது. சாதாரணக் கணக்குக்கு அதைத் திரும்ப உருவாக்கும் அதிகாரமும் கிடையாது. "நேற்று ஓடியது, மின்சாரம் போய் வந்ததும் ஓடவில்லை" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய வரி இது.

10. ஆஸ்டெரிஸ்க்.கான்ஃப் கோப்பின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியிலும் 'ரன்யூசர்', 'ரன்குரூப்' இரண்டையும் எழுதி வையுங்கள். சிஸ்டம்டி-யில் எழுதிய பிறகு இது எதற்கு என்று தோன்றலாம். ஏதோ ஒரு சோதனைக்காக யாராவது 'சூடூ' போட்டு ஆஸ்டெரிஸ்க்கை நேரடியாகத் தொடங்குவது எல்லா வீட்டிலும் நடக்கும். அந்தச் சில நிமிடங்களில் உருவாகும் தரவுத்தளக் கோப்பும் பதிவேடும் ரூட் பெயரில் நின்றுவிடும். பிறகு முறைப்படி தொடங்கும்போது அனுமதி இல்லை என்று வரிசையாகப் பிழைகள் வரும். ரன்யூசர் எழுதியிருந்தால், ரூட்டாகத் தொடங்கினாலும் ஆஸ்டெரிஸ்க் தானே கீழிறங்கி அந்தக் கணக்குக்கு மாறிக்கொள்ளும். சாதாரணக் கணக்கில் தொடங்கி, ரன்யூசரில் வேறு பெயர் இருந்தால் ஓட மறுத்து நின்றுவிடும். கட்டளை வரியில் பெரிய எழுத்து 'யூ', 'ஜி' விருப்பங்களும் இதே வேலையைச் செய்யும்.

11. கன்சோலுக்குள் போக ஒவ்வொரு முறையும் சூடூ அடிக்க வேண்டியதில்லை. ஆஸ்டெரிஸ்க்.கான்ஃப் கோப்பின் 'ஃபைல்ஸ்' பகுதியில் கன்சோல் சாக்கெட்டின் குழுவை ஆஸ்டெரிஸ்க் என்றும் அனுமதியை 0660 என்றும் எழுதிவிட்டு, உங்கள் கணக்கை அந்தக் குழுவில் சேர்த்தால் போதும். கன்சோலுக்குள் வந்தவர் ஆஸ்டெரிஸ்க் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்யலாம். நம்பிக்கையானவரைத் தவிர வேறு யாரையும் குழுவில் சேர்க்காதீர்கள்.

12. பதிவேடுகளை அவ்வப்போது மாற்றிவிடும் லாக்ரொட்டேட் அமைப்பில் புதிய பதிவேட்டை உருவாக்கும் வரியில் ஆஸ்டெரிஸ்க் கணக்கின் பெயரையும் 0640 அனுமதியையும் கொடுங்கள். லாக் ஃபோல்டரில் ரூட் அல்லாத குழுவுக்கு எழுத்துரிமை கொடுத்திருந்தால், 'எஸ்யூ' என்ற வரியில் அதே பெயரையும் குழுவையும் எழுதினால்தான் லாக்ரொட்டேட் முரண்டு பிடிக்காமல் வேலை செய்யும்.

13. மறையாக்கத்துக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வைத்திருக்கிறவர்கள் ரூட்டிலிருந்து இறங்கியதும் முதலில் முட்டுவது இங்கேதான். ரகசியச் சாவி ரூட் மட்டுமே நுழையக்கூடிய ஃபோல்டரில் இருக்கிறது. அந்த ஃபோல்டரைத் திறந்துவிடாதீர்கள். சான்றிதழ் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் ஓடும் 'டிப்ளாய்' ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, சாவியை /எட்சி/ஆஸ்டெரிஸ்க் உள்ளே ஒரு துணை ஃபோல்டருக்கு நகலெடுத்து, ரூட் உரிமை, ஆஸ்டெரிஸ்க் குழு, 640 என்று வைக்கச் சொல்லுங்கள். சான்றிதழின் ஆயுள் 90 நாள். கையால் ஒருமுறை நகலெடுத்துவிட்டு மறந்தவர்களின் தொலைபேசிகள் மூன்று மாதம் கழித்து ஒரே நாளில் ஊமையாகும். நகலெடுத்த கையோடு, பேசிக்கொண்டிருப்பவர்கள் முடித்த பிறகு மறுதொடக்கம் செய்யும் 'கோர் ரீஸ்டார்ட் வென் கன்வீனியன்ட்' கட்டளையையும் அந்த ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிடலாம்.

14. கருவிகளுக்கு ரூட் வேண்டாம், குழு போதும். பழைய தொலைபேசிக் கம்பியை இணைக்கும் அட்டை வைத்திருந்தால் அதன் இயக்கி டாடி; 2008 வரை ஜாப்டெல் என்று பெயர். /டெவ்/டாடி கோப்புகளை ஆஸ்டெரிஸ்க் கணக்குக்கு 0660 அனுமதியோடு தரும்படி ஒரு யூடெவ் விதி எழுதுங்கள். கையால் மாற்றினால் மறுதொடக்கத்தில் போய்விடும். யூஎஸ்பி மோடம் செருகியிருந்தால், டெபியன் வகை லினக்ஸ்களில் 'டயல்அவுட்' குழுவில் சேர்த்தால் போதும். ஒரு எண்ணை அழுத்தினால் வாசல் கேட் திறக்கும்படி ராஸ்பெரி பையில் ரிலே வைத்திருக்கிறவர்கள் 'ஜிபிஐஓ' குழுவில் சேர்க்கலாம்.

15. பதிவுகளை பென்டிரைவிலோ நாஸ் பெட்டியிலோ சேமிக்கிறீர்களா? பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட் வடிவத்துக்கு லினக்ஸின் உரிமையாளர் முறை தெரியாது. அங்கே சிஹெச்ஓன் அடித்துப் பயனில்லை. எஃப்எஸ்டேப் கோப்பில் அதை இணைக்கும் வரியிலேயே ஆஸ்டெரிஸ்க் கணக்கின் எண்ணையும் குழு எண்ணையும் கொடுக்க வேண்டும். என்எஃப்எஸ் வழியாக நாஸ் இணைத்திருந்தால் நிலைமை நேர்மாறு. பல நாஸ் பெட்டிகள் ரூட்டாக வருகிறவரை யாரோ பெயரில்லாதவராக மாற்றித் தள்ளிவிடும். அங்கே ரூட்டைவிட சாதாரணக் கணக்குக்குத்தான் ஒழுங்காக எழுத வரும். இரண்டு பக்கமும் கணக்கு எண் ஒன்றாக இருந்தால் சரி.

16. கூடுதல் பூட்டுகள் போடும்போது ஒவ்வொன்றாகப் போடுங்கள். சிஸ்டம்டி-யில் வீட்டு ஃபோல்டர்களை மறைக்கும் 'புரொடெக்ட்ஹோம்', தற்காலிக ஃபோல்டரைத் தனியாக்கும் 'பிரைவேட்டெம்ப்' இரண்டையும் தயங்காமல் போடலாம். 'நோ நியூ பிரிவிலேஜஸ்' மட்டும் யோசித்துப் போட வேண்டியது. அதைப் போட்டால் ஆஸ்டெரிஸ்க்கிலிருந்து கிளம்பும் எந்த நிரலும் தன் அதிகாரத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது. மிக நல்ல பூட்டு. ஆனால் வாய்ஸ்மெயிலை மின்னஞ்சலாக அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருந்தால் மின்னஞ்சல் நின்றுவிடும். போஸ்ட்ஃபிக்ஸின் 'போஸ்ட்டிராப்' என்ற உறுப்பு, தன் குழுவின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டுதான் வரிசையில் கடிதத்தைப் போடுகிறது. அதற்குப் பதில் எம்எஸ்எம்டிபி போன்ற எளிய அனுப்பியை வைத்து, அதன் அமைப்புக் கோப்பை ஆஸ்டெரிஸ்க் கணக்கு மட்டும் படிக்கும்படி 600 அனுமதியில் வைத்தால் பூட்டும் இருக்கும், மின்னஞ்சலும் போகும். இதே பூட்டு சூடூவையும் தடுக்கும் என்பதால், அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் டயல் பிளானில் சூடூ வழியாக ஏதாவது ஓட்டிக்கொண்டிருந்தால் அதுவும் நிற்கும்.

17. அப்படி சூடூ தவிர்க்கவே முடியாத வேலை இருந்தால், சூடோயர்ஸ் கோப்பில் அந்த ஒரே கட்டளையை முழுப் பாதையோடு, அதன் அளவுருக்களோடு எழுதுங்கள். நட்சத்திரக் குறி போட்டு எதுவும் வரலாம் என்று விடாதீர்கள். ஓட்டப்படும் ஸ்கிரிப்ட் ரூட்டுக்குச் சொந்தமாகவும் ஆஸ்டெரிஸ்க்கால் திருத்த முடியாததாகவும் இருக்க வேண்டும். திருத்த முடிந்தால் அந்த ஒற்றைக் கட்டளையே முழு அதிகாரமாகிவிடும்.

18. குரலின் தரம் குறைந்துவிடுமோ என்ற சந்தேகம் சிலருக்கு. ஐந்தாறு பேர் பேசும் வீட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆஸ்டெரிஸ்க்கை 'லிப்கேப்' நூலகத்தோடு கட்டியிருந்தால், ரூட்டாகத் தொடங்கிக் கீழிறங்கும்போது வலையமைப்பு நிர்வாகம் என்ற ஒரு திறனை மட்டும் கையில் வைத்துக்கொள்ளும். குரல் பொட்டலங்களுக்கு முன்னுரிமை அடையாளம் போடுவதற்காக வைத்த ஏற்பாடு அது.

19. டயல் பிளானில் 'சிஸ்டம்' என்ற செயலியைப் பார்த்தால் நிறுத்தி யோசியுங்கள். அது ஷெல் கட்டளை ஓட்டும். அழைப்பவரின் பெயரையோ எண்ணையோ அப்படியே அதற்குள் செருகியிருந்தால், எதிர்முனையில் இருப்பவர் அனுப்பும் எழுத்துகள் உங்கள் கணினியில் கட்டளையாக ஓடும். 'ஃபில்ட்டர்' என்ற செயற்கூறால் எண்கள், எழுத்துகள் தவிர மற்றதை வடிகட்டிய பிறகே பயன்படுத்துங்கள். ஆஸ்டெரிஸ்க்.கான்ஃப் கோப்பில் 'லைவ் டேஞ்சரஸ்லி' என்ற வரி 'நோ' என்றே இருக்கட்டும். ஏஎம்ஐ தேவையில்லையென்றால் மூடிவிடுங்கள். தேவையென்றால் 127.0.0.1 முகவரியில் மட்டும் திறந்து, அந்தந்த நிரலுக்கு வேண்டிய உரிமையை மட்டும் கொடுங்கள்.

20. காப்பு நகல் எடுக்கும்போது உரிமையாளர் விவரத்தோடு எடுங்கள். புதிய மெமரி கார்டில் ஆஸ்டெரிஸ்க் கணக்கின் எண் வேறாக இருக்கலாம். அப்போது உங்கள் வாய்ஸ்மெயில்கள் சம்பந்தமில்லாத வேறொரு கணக்கின் பெயரில் போய் உட்காரும். மீட்டெடுத்ததும் 'ஃபைண்ட்' கட்டளையால் ஸ்பூல், லாக் ஃபோல்டர்களில் ஆஸ்டெரிஸ்க்குக்குச் சொந்தமில்லாத கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தாலும் நல்லதே.

21. ஏதாவது ஒரு கோப்பு திறக்கவில்லை என்றால் உடனே அனுமதியைக் கூட்டாதீர்கள். 'நேம்ஐ' கட்டளையைச் சிறிய எழுத்து 'எல்' விருப்பத்தோடும் அந்தப் பாதையோடும் அடித்தால், மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையாளரும் அனுமதியும் வரிசையாகத் தெரியும். பல நேரம் கோப்பு சரியாகவே இருக்கும், நடுவில் ஏதோ ஒரு ஃபோல்டர்தான் வழியை மறிக்கும். 'சூடூ'வோடு சிறிய எழுத்து 'யூ' விருப்பத்தில் ஆஸ்டெரிஸ்க் பெயரைக் கொடுத்து அந்தக் கோப்பைப் படித்துப் பார்த்தால், சர்வரின் கண்ணுக்கு அது தெரிகிறதா என்பது உடனே விளங்கிவிடும்.

22. எல்லாம் முடிந்ததும் கணினியை ஒருமுறை முழுதாக அணைத்துத் திறந்து, உள் அழைப்பு, வெளி அழைப்பு, வாய்ஸ்மெயில் பதிவு, அதன் மின்னஞ்சல், கடவுச்சொல் மாற்றம் ஐந்தையும் சோதியுங்கள். அணைத்துத் திறக்காமல் செய்த சோதனையை நம்ப வேண்டாம்.

23. சாதாரணக் கணக்கு எதைக் காக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் எஸ்ஐபி கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு ரூட் தேவையே இல்லை. ஆஸ்டெரிஸ்க் கணக்கின் அதிகாரமே அவருக்குப் போதும். இரவோடு இரவாக அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகளை ஓட்டி உங்கள் தலையில் பில்லைக் கட்டிவிடுவார். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் நீளமான, தனித்தனிக் கடவுச்சொல் வையுங்கள். 101 என்ற எண்ணுக்கு 101 என்றே கடவுச்சொல் வைத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். பெயர் தெரியாத அழைப்பாளர் வெளி வரியைத் தொட முடியாதபடி டயல் பிளானைப் பிரியுங்கள். ஆஸ்டெரிஸ்க்கின் பாதுகாப்புப் பதிவேட்டைத் தனிக் கோப்பாக்கி ஃபெயில்2பேன் அதைப் படிக்கும்படி செய்தால், திரும்பத் திரும்பத் தவறான கடவுச்சொல்லோடு வருகிறவர்களை அது வாசலிலேயே தடுக்கும். ஃபயர்வாலைத் தொடும் அந்த வேலை ஃபெயில்2பேனிடமே இருக்கட்டும், ஆஸ்டெரிஸ்க்கிடம் கொடுக்காதீர்கள். வெளி அழைப்புக்கு முன்பணம் கட்டும் திட்டத்தையே எடுங்கள். வெளிநாட்டு அழைப்பு உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை என்றால், சேவை தருகிற நிறுவனத்திடம் சொல்லி அதை அவர்கள் பக்கத்திலேயே மூடிவிடச் சொல்லுங்கள்.